சோதனைத் தடத்தில் மட்டும் அடங்கும் ஒலி

மோட்டார் சைக்கிளின் ஒலிக்கு ஐரோப்பா பொது வரம்பு ஒன்றை வகுத்தது 1978இல். அதன் பிறகு அந்த விதி பலமுறை இறுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் தயாரிப்பு நிறுவனங்கள் புதிய வரம்புக்குள் அடங்கும் வண்டிகளைச் சோதனைத் தடத்தில் ஓட்டிக் காட்டி ஒப்புதல் பெற்றுவிட்டன. ஆயினும், ஆல்ப்ஸ் மலைச் சாலைகளையும் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியையும் ஒட்டி வாழும் மக்களின் புகார்கள் ஓய்ந்தபாடில்லை. ஏட்டில் வண்டிகள் அமைதியாகிக்கொண்டே வர, சாலையில் அவை ஏன் இன்னும் உறுமுகின்றன என்ற கேள்விக்கு, சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளும் இளைஞர்களைக் கைகாட்டுவது வழக்கம். அது பாதி விடைதான். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, முறையான ஒப்புதலும் பெற்று, புகைக்குழாய்க்குள் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சிறிய உலோகத் தகட்டில் மீதி விடை இருக்கிறது.

வெளியேற்றுக் குழாய் வால்வு எனப்படும் அந்தத் தகட்டைப் பற்றி ஐரோப்பாவில் நடந்துவரும் விவாதம், ஏதோ பணக்கார நாடுகளின் வார இறுதிப் பொழுதுபோக்கு சார்ந்த சச்சரவாகத் தோன்றலாம். ஆனால், ஒலி குறித்த சட்டம் எதுவாயினும், அதன் வலிமை அது குறிப்பிடும் எண்ணில் இல்லை, அந்த எண்ணை அளக்கும் முறையில்தான் இருக்கிறது என்ற பாடத்தை இந்த விவாதம் தெளிவாக உணர்த்துகிறது. உலகிலேயே மிக அதிகமாக இருசக்கர வாகனங்கள் தயாராகும் நாடுகளுள் ஒன்றான இந்தியாவுக்கு அந்தப் பாடம் மிகவும் பொருந்தும்.

எஞ்சினுக்காகப் பிறந்த தகடு

இந்தக் குழாய் வால்வை, எஞ்சினின் சிலிண்டர் தலையில் இருக்கும் வெளியேற்று வால்வுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் சிலிண்டர் தலை வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும், எரிந்து முடிந்த வாயு அழுத்தம் தணியாத நிலையிலேயே குழாய்க்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் ஓர் அழுத்த அலையாகக் குழாய் நெடுக ஓடி, குழாய் விரியும் இடத்தையோ திறந்த முனையையோ அடைந்ததும், அழுத்தக் குறைவு அலையாக மாறித் திரும்பி வருகிறது. உள்ளிழுப்பு வால்வும் வெளியேற்று வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் சொற்ப நேரத்துக்குள் அந்த அலை வந்து சேர்ந்தால், மிச்சமுள்ள புகையை உறிஞ்சி வெளியேற்றி, புதிய காற்று–பெட்ரோல் கலவைக்கு இடம் ஏற்படுத்தித் தருகிறது; அந்த நேரத்தில் அழுத்தம் கூடிய அலை வந்து சேர்ந்தாலோ, புகையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளிவிடுகிறது. குழாயின் நீளம் மாறாதது. எஞ்சினின் வேகமோ நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றிலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டியும் மாறக்கூடியது. ஆகவே, ஒரு வேகத்தில் எஞ்சினுக்குத் துணைநிற்கும் குழாய், இன்னொரு வேகத்தில் அதன் இழுவையைக் கெடுக்கிறது.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் யமஹா நிறுவனம் 1987இல், ஜப்பானியச் சந்தைக்கான எஃப்.இசட்.ஆர். 400 ஆர் மாடலில், ‘எக்ஸப்’ என்ற பெயரில் குழாய் வால்வை அறிமுகப்படுத்தியது. குறைந்த சுழற்சி வேகத்தில் அது குழாயை ஓரளவு அடைத்து, வேண்டாத அலை சிலிண்டர் வரை திரும்பாமல் தடுத்தது; வேகம் ஏறியதும் முழுதாகத் திறந்து வாயுவுக்கு வழிவிட்டது. பிறகு ஹோண்டா, சுசுகி முதலிய நிறுவனங்களும் தத்தமது பெயர்களில் இதையொத்த அமைப்புகளைக் கொண்டுவந்தன. 2000ஆம் ஆண்டின் ஹோண்டா ஃபயர்பிளேடு வண்டியில் இந்த வால்வு டைட்டானியத்தால் செய்யப்பட்டிருந்தது. ஆக, குழாய் வால்வு பிறந்தது யாரையும் ஏமாற்றுவதற்காக அல்ல. எஞ்சினின் முறுக்குவிசையைச் சீராக்கும் நேர்மையான பொறியியல் தேவையிலிருந்தே அது பிறந்தது.

அதன் கட்டமைப்பும் எளிமையானதுதான். குழாயின் குறுக்கே ஒரு தண்டு, தண்டின் மேல் வட்டமான தகடு, தண்டின் வெளிமுனையில் ஒரு கப்பி, கப்பியிலிருந்து இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டிலோ உள்ள சிறு மோட்டார் வரை செல்லும் இரண்டு கேபிள்கள் ஆகியவையே அதன் பாகங்கள். பல வண்டிகளில் சாவியைத் திருப்பியதும், எஞ்சின் ஓடத் தொடங்கும் முன்பே, அந்த மோட்டார் மெல்லிய முனகலுடன் தகட்டை ஒரு முறை முழுதாகத் திறந்து மூடிச் சரிபார்த்துக்கொள்வதைக் கேட்க முடியும். அதன்பின் எந்த நேரத்தில் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை, எஞ்சினின் சுழற்சி வேகம், திராட்டில் திருகப்பட்டுள்ள அளவு, கியர் ஆகியவற்றைப் பார்த்து வண்டியின் கணினி முடிவுசெய்கிறது. கரியும் துருவும் ஏறித் தண்டு இறுகிப்போவதும், அதைப் பழுதுபார்ப்பதற்குப் பதிலாகக் கேபிளைக் கழற்றிவிட்டுத் தகட்டைத் திறந்த நிலையிலேயே விட்டுவிடுவதும் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான சங்கதிகள்.

புகை செல்லும் வழியை ஒடுக்கினால் ஒலியும் ஒடுங்கும். சில வடிவமைப்புகளில் சைலன்சருக்குள் இரண்டு வழிகள் இருக்கும்: தகடு மூடியிருக்கும்போது வாயு பல அறைகளைச் சுற்றிக்கொண்டு, ஆற்றலை இழந்து, தணிந்த ஒலியோடு வெளியேறும், தகடு திறந்ததும் நேர்வழியே சீறிப் பாயும். எஞ்சினைச் சீராக்கப் பிறந்த ஓர் உறுப்பு, ஒலியைத் திறந்து மூடும் கதவாகவும் பயன்படலாம் என்பதைப் பொறியாளர்கள் உணர்ந்த கட்டத்திலிருந்தே, அந்தத் தகடு சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டது.

எண்ணும் அதன் பின்னணியும்

ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல், கூட்டல் கணக்கில் ஏறும் அளவு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. 10 டெசிபல் கூடினால் பத்து மடங்காகிறது, மனிதச் செவிக்கோ ஏறக்குறைய இரண்டு மடங்கு உரப்பாகக் கேட்கிறது. 77 டெசிபலுக்கும் 87 டெசிபலுக்கும் உள்ள வேறுபாடு காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், ஆற்றல் கணக்கில் ஒரு வண்டி கடந்துபோவதற்கும் பத்து வண்டிகள் ஒன்றாகக் கடந்துபோவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு அது நிகரானது.

ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் மோட்டார் சைக்கிளின் ஒலியை நெறிப்படுத்துவது, ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 41ஆம் எண் ஒழுங்குமுறை. இதன்படி, குறிப்பிட்ட வகைத் தளம் போடப்பட்ட 20 மீட்டர் நீளத் தடத்தின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 7.5 மீட்டர் தொலைவில், 1.2 மீட்டர் உயரத்தில் ஒலிவாங்கிகள் வைக்கப்பட, வண்டி அவற்றுக்கு நடுவே கடந்துபோகிறது. பழைய முறையில், 175 சிசிக்கு மேற்பட்ட வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாம், மூன்றாம் கியர்களில் தடத்துக்குள் நுழைந்ததும் திராட்டில் முழுதாகத் திருகப்படும். அப்போது எழும் ஒலி 80 டெசிபலுக்குள் இருந்தால் போதும். 80 சிசி வரையிலான வண்டிக்கு 75, அதற்கு மேல் 175 சிசி வரை 77 என்பவை மற்ற வரம்புகளாக இருந்தன.

2016இல் யூரோ 4 விதிகளோடு நடைமுறைக்கு வந்த புதிய முறை, சிசி கணக்கைக் கைவிட்டு, திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது. எஞ்சினின் திறனைக் கிலோவாட்டில் எடுத்து, வண்டியின் எடையோடு ஓட்டுபவருக்காக 75 கிலோவைச் சேர்த்த தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் வருவது அந்த விகிதம். அது 25 வரை இருந்தால் வரம்பு 73 டெசிபல், 50 வரை 74 டெசிபல், 50க்கு மேல் 77 டெசிபல். முழுத் திருகலில் கிடைத்த அளவையும் சீரான வேகத்தில் கிடைத்த அளவையும் கலந்து, நகர ஓட்டத்தைப் பிரதிபலிக்கும் ஓர் எண் கணக்கிடப்படுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கடுமையான முன்னேற்றம். ஆனால், கணக்கைப் போட்டுப் பார்த்தால் வகைப்பாட்டின் பலவீனம் புலப்படும். சுமார் 15 கிலோவாட் திறனும் 195 கிலோ எடையும் கொண்ட, நிதானமாக ஓடும் ஒரு 350 சிசி வண்டியின் விகிதம் ஏறத்தாழ 55; சுமார் 147 கிலோவாட், அதாவது 200 குதிரைத்திறன் கொண்ட 200 கிலோ பந்தய ரக வண்டியின் விகிதமோ 530ஐத் தாண்டுகிறது. இரண்டும் ஒரே வகையில் அடங்குகின்றன, இரண்டுக்கும் ஒரே 77 டெசிபல்தான் வரம்பு. சோதனைத் தடத்தில் இரண்டும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடலாம். சோதனையில் வராத வேகத்தில் அவை எழுப்பும் ஒலிகளுக்கு இடையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கும்.

சோதனைக்கு வெளியே நடப்பது

ஒரு தேர்வில் எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மாணவர் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு போவதைப் போல, சோதனையின் கியரும் வேகமும் வெளிப்படையாகத் தெரிந்த நிலையில், அந்த எல்லைக்குள் மட்டும் தகட்டை மூடிவைத்து, எல்லையைத் தாண்டியதும் திறந்துவிடும் வகையில் வண்டியின் கணினியை அமைக்க முடிந்தது. பல மாடல்கள் அப்படியே அமைக்கப்பட்டன. சைலன்சரில் யாரும் கைவைக்காத, ஆவணங்கள் அனைத்தும் முறையாக உள்ள புதிய வண்டியே, கிராமத்துச் சாலையில் மூன்றாம் கியரில் எஞ்சின் வேகத்தை ஏற்றும்போது சோதனை எண்ணைப் பல டெசிபல் மிஞ்சிய ஒலியை எழுப்பியது இதனால்தான்.

2015இல் அம்பலமான வோக்ஸ்வாகன் டீசல் கார் மோசடியோடு இதை ஒப்பிடுவோர் உண்டு. அந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. அங்கே, வண்டி சோதனையில் இருப்பதை அடையாளம் கண்டு புகைக் கட்டுப்பாட்டை மாற்றும் மென்பொருள், சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்திருந்த ஒன்று. இங்கே, எல்லைக்கு வெளியே என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சட்டமே நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. பொறியாளர்கள் சட்டத்தை மீறவில்லை. சட்டம் கேட்டதை மட்டும் கொடுத்தார்கள். குற்றம் சாட்டுவதற்கு எளிதான கயவர் எவரும் இந்தக் கதையில் இல்லாததுதான், சிக்கல் இவ்வளவு காலம் நீடித்ததற்கும் காரணம்.

அந்த இடைவெளியை அடைக்கவே 2016 முதல் ‘கூடுதல் ஒலி விதிகள்’ சேர்க்கப்பட்டன. விகிதம் 50க்கு மேற்பட்ட வண்டிகள், மணிக்கு 20 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான வேகங்களில், சோதனை அதிகாரி தேர்ந்தெடுக்கும் எந்தப் புள்ளியிலும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அவை வலியுறுத்தின. வழக்கமான சாலை ஓட்டத்தில் இயங்காத ஒரு சாதனத்தைச் சோதனையில் தேறுவதற்காக மட்டும் பொருத்தக் கூடாது என்ற விதியும், ஓட்டுபவர் பொத்தானை அழுத்தி மாற்றக்கூடிய நிலைகள் பல இருந்தால் அத்தனை நிலைகளிலும் வண்டி தேற வேண்டும் என்ற விதியும் எழுதப்பட்டன.

ஆனால், அந்தக் கூடுதல் விதிகளிலேயே தாராளமான ஒரு சலுகை ஒளிந்திருந்தது. அடிப்படைச் சோதனையில் இருந்த சுழற்சி வேகத்தைத் தாண்டி நிமிடத்துக்கு ஒவ்வோர் 1,000 சுற்று கூடும்போதும் 5 டெசிபல் கூடலாம். அதற்கு மேல் 3 டெசிபல் பொதுச் சலுகையும் உண்டு. கணக்குக்காக, 4,000 சுற்றில் 77 டெசிபல் பதிவான வண்டியை எடுத்துக்கொண்டால், 7,000 சுற்றில் அது 95 டெசிபல் வரை எழுப்பலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. 18 டெசிபல் உயர்வு என்பது ஆற்றல் கணக்கில் 60 மடங்குக்கும் மேல். எஞ்சின் வேகம் கூடினால் ஒலியும் கூடும் என்பது இயற்பியல். எவ்வளவு கூடலாம் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. ஊருக்குள் ஓர் இரவு முழுவதும் கடந்துபோகும் நூறு வண்டிகளின் சராசரியை விட, அவற்றுள் ஒன்றே ஒன்று எஞ்சினை உச்சத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் உறங்குபவரை எழுப்புகிறது என்பதை அந்த முடிவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மணிக்கு 10 முதல் 100 கிலோமீட்டர் வரை, உண்மையான ஓட்ட நிலைகளில் சோதிக்க வழிசெய்யும் அடுத்தகட்டத் திருத்தங்கள் அதன் பின்னரே வந்தன.

டிரோலின் 95

சட்டத்தின் மெதுவான நடை சிலரைப் பொறுமையிழக்கச் செய்தது. 2020 மே 15 அன்று, ஜெர்மனியின் மாநிலங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் பூண்டஸ்ராட் அவை, புதிய மோட்டார் சைக்கிள்கள் எல்லா ஓட்ட நிலைகளிலும் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும், ஓட்டுபவரே ஒலியின் தன்மையை மாற்றிக்கொள்ளும் வசதி தடைசெய்யப்பட வேண்டும் என்றும், ஒலியால் பெரிதும் பாதிக்கப்பட்ட சாலைகளில் ஞாயிறு, விடுமுறை நாள்களில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த வழிவேண்டும் என்றும் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானம் ஒன்றிய அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், அதை எதிர்த்து 2020 ஜூலையில் மியூனிக் உள்ளிட்ட நகரங்களில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் திரண்டார்கள். அப்போதைய ஒன்றியப் போக்குவரத்து அமைச்சர் ஆந்த்ரேயாஸ் ஷோயர், புதிய தடைகளுக்குத் தம் ஆதரவு இல்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தார்.

அண்டை நாடான ஆஸ்திரியாவின் டிரோல் மாகாணம் பேச்சோடு நிற்கவில்லை. 2020 ஜூன் 10 முதல் அக்டோபர் இறுதி வரை, ரொய்டெ மாவட்டத்தின் மலைச் சாலைகள் சிலவற்றில், நின்ற நிலை ஒலி 95 டெசிபலைத் தாண்டும் மோட்டார் சைக்கிள்கள் நுழைய அது தடைவிதித்தது. மீறினால் 220 யூரோ அபராதம். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பருவம்தோறும் அந்தத் தடை தொடர்ந்தது. வண்டியின் பதிவு ஆவணத்திலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருப்பதால், காவலர் கருவி எதையும் கையில் எடுக்காமல், ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுக்க முடிந்தது. நிர்வாக எளிமைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால், எளிமையே அந்த விதியின் குறையாகவும் ஆயிற்று. நின்ற நிலை ஒலி என்பது, வண்டி நிற்கும்போது, குழாயின் முனையிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து, எஞ்சினைக் குறிப்பிட்ட வேகத்தில் ஓடவிட்டு அளப்பது. எஞ்சின் தன் உச்சத் திறனை எட்டும் வேகம் 5,000 சுற்றுக்கு மேல் என்றால், அதில் பாதி வேகத்தில் அளக்க வேண்டும். அப்படியானால், 13,000 சுற்றில் உச்சத்தை எட்டும் வண்டி 6,500 சுற்றிலும், 5,500 சுற்றில் எட்டும் கனமான வண்டி வெறும் 2,750 சுற்றிலும் அளக்கப்படும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையாகாது. சாலையில் பக்குவமாக ஓட்டக்கூடிய ஒரு வண்டி தடைக்குள் விழ, அளக்கும் வேகத்தில் தகடு மூடியிருந்ததாலோ எஞ்சின் வேகம் குறைவாக இருந்ததாலோ 95க்குக் கீழே பதிவான இன்னொரு வண்டி, அதே சாலையில் முழங்கிக்கொண்டு போகத் தடையேதும் இல்லை. இந்த எண் வகுக்கப்பட்டது வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக அல்ல. அதே வண்டியின் சைலன்சர் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கிறதா என்று சாலையில் சரிபார்ப்பதற்காகத்தான். ஒரு வேலைக்காகச் செய்யப்பட்ட அளவுகோலை வேறொரு வேலைக்குப் பயன்படுத்தியதால், நியாயமான நோக்கம் கொண்ட தடை, நியாயமற்றது என்ற பழியையும் சேர்த்துச் சுமந்தது.

ஓட்டுநர்களின் வாதம்

ஓட்டுநர்களின் தரப்பில் சொல்லப்படும் வாதங்களுள் மிகப் பழையது, உரத்த ஒலி உயிரைக் காக்கும் என்பது. கார் ஓட்டுபவர் கண்ணாடியில் கவனிக்கத் தவறினாலும் காதால் அறிந்துகொள்வார் என்பது அதன் சாரம். ஆனால், புகைக்குழாய் பின்னோக்கியிருப்பதால் ஒலியின் பெரும்பகுதி பின்னால்தான் பரவுகிறது. ஆபத்துகளோ பெரும்பாலும் முன்னாலிருந்து வருகின்றன. அமெரிக்காவில் பேராசிரியர் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்திலேயே ஆராய்ந்து, 1981இல் வெளியான அறிக்கை, விபத்துக்கு இட்டுச்செல்லும் ஆபத்து பெரும்பாலும் ஓட்டுபவரின் முன்புறத்திலேயே தோன்றுகிறது என்று காட்டியது. மூடிய கண்ணாடிகளோடும் ஓடும் பாட்டோடும் எதிரே வரும் கார்க்காரரை, பின்னோக்கிப் பாயும் முழக்கம் எச்சரிக்கும் என்று நம்புவதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

இரண்டாவது வாதம் ரசனை சார்ந்தது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எஞ்சினின் துடிப்பு வண்டியின் அடையாளமாகவே விற்கப்படுகிறது. ஹார்லி டேவிட்சன் நிறுவனம் தன் வண்டியின் ஒலியை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய 1994இல் விண்ணப்பித்து, நீண்ட இழுபறிக்குப் பின் 2000இல் அந்த விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஓட்டுபவரின் காதுக்கு இன்பம் தருவதைச் சட்டம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த இன்பத்தின் விலையை வழியோர வீட்டில் படுத்திருக்கும் நோயாளியும் பச்சிளம் குழந்தையும் செலுத்த நேரும்போது, அது தனிப்பட்ட ரசனையாக நீடிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்தின் ஒலி, நாள் முழுவதற்குமான சராசரியில் 53 டெசிபலுக்குக் கீழும், இரவில் 45 டெசிபலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அதற்கு மேற்பட்ட ஒலியை உறக்கக் கேட்டோடும் இதய நோயோடும் தொடர்புபடுத்துகிறது.

மூன்றாவது வாதம் உண்மையில் நியாயமானது: சிலர் செய்யும் அட்டூழியத்துக்கு எல்லாரையும் தண்டிக்கக் கூடாது. இதற்கு விடை, தடையைக் கைவிடுவதல்ல, குறிபார்த்து அளப்பது. பிரான்சில் 2022 முதல் சோதித்துப் பார்க்கப்பட்டுவரும் ஒலி ரேடார், பல ஒலிவாங்கிகளையும் கேமராவையும் இணைத்து, போக்குவரத்தின் நடுவே எந்த வண்டி வரம்பை மீறியது என்பதைத் தனித்து அடையாளம் காண முயல்கிறது. ஆவணத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்த நொடியில் அந்தத் தெருவில் எழுந்த ஒலியை அளப்பதே அதன் சிறப்பு. தகடு மூடியிருந்ததா, திறந்திருந்ததா, குழாய் அசலா, போலியா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை.

இந்தியாவின் கணக்கு

இந்தியாவில் தயாரிப்புக் கட்டத்தில் இருசக்கர வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட ஒலி வரம்புகள், 80 சிசி வரை 75, 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80 டெசிபல் என்பவை. ஐரோப்பா 2016இல் கைவிட்ட அதே எண்கள், அதே சிசி கணக்கு. இங்கும் வண்டி ஒலிவாங்கியைக் கடந்துபோகும் முறையில்தான் ஒப்புதல் சோதனை நடக்கிறது. ஆகவே, ஐரோப்பா கண்டறிந்த ஓட்டை இந்தியச் சட்டத்திலும் இருக்கிறது. ஓசூரில் டிவிஎஸ் ஆலையிலும், சென்னையை அடுத்த ராயல் என்ஃபீல்டு ஆலைகளிலும், புனே அருகே சாக்கனில் பஜாஜ் ஆலையிலும் உருவாகும் வண்டிகள் ஐரோப்பியச் சந்தைக்குப் போகின்றன. அங்கே புதிய சோதனையில் தேறியே விற்பனையாகின்றன. கடுமையான சோதனைக்கு இந்தியத் தொழில்நுட்பம் தயாராகவில்லை என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

விற்பனைக்குப் பிந்தைய கட்டத்தில் சட்டம் ஏட்டளவில் கடுமையானதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடைசெய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒலி, காற்று மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டுவோருக்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 190ஆம் பிரிவு இடம் தருகிறது. 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், மாற்றப்பட்ட சைலன்சர்களின் ஒலியைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சியைக் காவல் துறையினர் பல நகரங்களில் அரங்கேற்றியும் காட்டினார்கள்.

அந்தக் காட்சிகள் செய்தியாகின்றன, தீர்வாவதில்லை. சாலையில் நிற்கும் காவலரிடம், இந்த வண்டியின் அசல் ஒலி எவ்வளவு என்று சொல்லும் ஆவணமும் இல்லை, அதைச் சரிபார்க்கும் வழக்கமும் இல்லை. எனவே, கண்ணுக்கு எது வித்தியாசமாகத் தெரிகிறதோ, காதுக்கு எது உறுத்துகிறதோ அது பிடிபடுகிறது. அசல் குழாயின் உள் தடுப்பை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வெளித்தோற்றத்தை அப்படியே வைத்திருப்பவர் தப்பிவிடுகிறார். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காகக் குழாய்க்குள் கருவியை நுழைத்துப் புகையை அளக்கும் மையங்கள் நாடெங்கும் இருக்க, அதே குழாயிலிருந்து வரும் ஒலியை அங்கே எவரும் அளப்பதில்லை. சத்தத்தை விளம்பரப்படுத்தி விற்கப்படும் சைலன்சர்கள் கடைகளில் வெளிப்படையாகத் தொங்க, தண்டனை வாங்கியவரை நோக்கியே பாய்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. முதலாவதாக, சிசி கணக்கை விட்டு, ஒரே வேகத்தோடு நின்றுவிடாமல் எஞ்சினின் பரந்த இயக்க எல்லை முழுவதும் சோதிக்கும் முறைக்கு மாற வேண்டும். அதிலும், ஒவ்வோர் 1,000 சுற்றுக்கும் 5 டெசிபல் என்ற ஐரோப்பியச் சலுகையை அப்படியே பெயர்த்துக்கொள்ளாமல் குறைக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு வண்டியின் நின்ற நிலை ஒலியும் அதை அளக்க வேண்டிய சுழற்சி வேகமும் பதிவுச் சான்றிதழிலும் வண்டியின் சட்டகத்திலும் பொறிக்கப்பட வேண்டும்; டிரோலைப் போல வண்டிகளை ஒப்பிட்டுத் தடைசெய்ய அல்ல, அதே வண்டி மாற்றப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்க. மூன்றாவதாக, அந்தச் சரிபார்ப்பு மாசுச் சான்றிதழ் மையங்களிலேயே நடக்க வேண்டும். நான்காவதாக, மாற்று சைலன்சர் ஒவ்வொன்றும் ஒப்புதல் முத்திரையோடு மட்டுமே விற்கப்பட வேண்டும். முத்திரையற்றதை விற்பவர், வாங்குபவருக்கு முன்னதாகப் பொறுப்பேற்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் முத்திரையும், ஐரோப்பாவின் மாற்று சைலன்சர்களுக்கான தனி ஒழுங்குமுறையும் இதற்கு முன்மாதிரிகளாக உள்ளன.

குழாய் வால்வைத் தடைசெய்வதால் எதுவும் ஆகப்போவதில்லை. அது எஞ்சினுக்குப் பயன்படும் நல்ல உறுப்பு, ஒலியைக் குறைக்கவும் அதனால் முடியும். எந்த வேகத்தில் அது மூடியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, அதை வடிவமைக்கும் பொறியாளரை விட, சோதனையை வடிவமைக்கும் அரசே. சோதனைத் தடத்தில் மட்டும் ஒலியை அளக்கும் அரசுக்குச் சோதனைத் தடத்தில் மட்டுமே அமைதி கிடைக்கும். தெருவில் அமைதி வேண்டுமென்றால், தெருவில் வண்டி ஓடும் விதத்தில் அதை அளந்தாக வேண்டும். ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் அடுத்த திருத்தத்தை அங்கிருந்து தொடங்கட்டும்.